கட்டிலா, படியா?

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். நான் தொடக்கப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். என் வகுப்பில் ஏழு வயதுப் பையன் ஒருவன். மூன்று மாதத்துக்கு முன்பு வரை வாய் மூடாமல் பேசுவான். இப்போது நான் கேட்டால் மட்டும் பதில் வருகிறது. காலையில் கேட் திறப்பதற்கு முன்பே வந்து நிற்கிறான். மாலையில் எல்லோரும் போன பிறகும் பையை அடுக்கிக்கொண்டே இருக்கிறான். வெயில் கொளுத்தும் நாளிலும் முழுக்கைச் சட்டைதான். வகுப்பில் தூங்கிவிடுகிறான். மற்ற பிள்ளைகள் மிச்சம் வைக்கும் பிஸ்கட்டைப் பென்சில் டப்பாவில் ஒளித்து வைத்துக்கொள்கிறான். போன வாரம் அவன் இடது காதின் மேல் ஓரம் கன்றி நீலமாக இருந்தது. கேட்டதற்கு "கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்" என்றான். மறுநாள் அவன் அம்மாவிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன். "படியில விழுந்துட்டான் டீச்சர், ஒரு இடத்துல நிக்கிறதே இல்ல" என்று சிரித்தார். அப்பா சில மாதங்களாக வேலையில்லாமல் வீட்டில் இருக்கிறார் என்று கேள்வி. சக ஆசிரியையிடம் சொன்னால், "அடுத்தவங்க வீட்டு விஷயம். ஒண்ணுமில்லைன்னு ஆயிட்டா உன் பேர்தான் கெடும்" என்கிறார். எனக்குத் தூக்கம் வரவில்லை. எது உண்மையான அறிகுறி, எது என் கற்பனை? அவனிடம் என்ன கேட்பது? யாரிடம் சொல்வது?
(பெயர் வெளியிட விரும்பாத ஓர் ஆசிரியை)

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தில் காது கன்றியதைவிட என்னை நிறுத்திய இடம் ஒன்று உண்டு. பையன் சொன்னது கட்டில். அம்மா சொன்னது படி.

பிள்ளைகள் விழுவார்கள். விழுந்த கதையைப் பெரியவர்கள் மாற்றிச் சொல்வது சில சமயம் வெறும் மறதிதான். ஆனாலும் ஒரு காயத்துக்கு இரண்டு கதை வந்தால், குழந்தை மருத்துவர்கள் நாங்கள் மருந்துச் சீட்டு எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்காருவோம். கதையே இல்லாமல் "தெரியலையே, காலையில பார்த்தா இப்படி இருக்கு" என்று சொன்னாலும் அப்படித்தான். குப்புற விழக்கூடத் தெரியாத இரண்டு மாதக் குழந்தை தானே உருண்டு கட்டிலிலிருந்து விழுந்ததாகச் சொல்வது போல, வயதுக்கு ஒட்டாத கதை வந்தாலும் அப்படித்தான். கை உடைந்து இரண்டு நாள் கழித்து அழைத்து வருவதும், ஒவ்வொரு காயத்துக்கும் ஒவ்வொரு டாக்டரைத் தேடிப் போவதும் இதே கணக்கில் சேரும். காயம் ஒன்று சொல்கிறது, கூட வந்தவர் வேறொன்று சொல்கிறார் என்றால் அந்த இடைவெளியைத்தான் முதலில் பார்ப்போம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருப்பது முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் இது தெரிவிக்க வேண்டிய விஷயம். அடுத்த காயம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். அப்பா அடிக்கிறார் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அம்மாவாக இருக்கலாம், வீட்டுக்கு வந்து போகும் வேறொருவராக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம், யாருமே இல்லாமலும் இருக்கலாம். வேலை போன மனிதர் வீட்டில் இருப்பது அந்த வீட்டின் நெருக்கடியைக் காட்டுகிறது, அவ்வளவுதான். வேலை இழந்தவர்களில் பெரும்பாலானவர்கள் பிள்ளைகள் மேல் கை வைப்பதில்லை. யார், என்ன, எப்போது என்று துப்பறிவது நம் இருவர் வேலையும் இல்லை. அதற்கென்று ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் காதில் விஷயம் விழ வேண்டும், அதுதான் உங்கள் பங்கு.

சரி, அந்தக் காதுக்கு வருவோம். ஓடியாடுகிற பிள்ளை விழுந்தால், உடம்பில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புதான் முதலில் அடி வாங்கும். நெற்றி, மோவாய், முழங்கை, முட்டி, காலின் முன்னெலும்பு. ஏழு வயதுப் பையனின் முட்டியில் ரத்தக்கட்டு இல்லையென்றால்தான் நான் ஆச்சரியப்படுவேன். காது வேறு மாதிரி. ஒரு பக்கம் மண்டை, கீழே தோள் என்று இரண்டுக்கும் நடுவே ஒதுங்கிக் கிடக்கிறது. பக்கவாட்டில் விழுந்தாலும் தோளும் தலையும் முந்திக்கொள்ளும். நெற்றிப் பொட்டிலோ கன்ன எலும்பிலோ ஒரு கீறல்கூட இல்லாமல், காதின் மேல் ஓரம் மட்டும் கன்றியிருக்கிறது என்றால், திருகினார்களா, கிள்ளினார்களா, அறைந்தார்களா என்று யோசிக்கத்தான் வேண்டும். அவன் காதின் பின்பக்கத்தைப் பார்த்தீர்களா என்று தெரியவில்லை. திருகிய காதில் பெரும்பாலும் பின்னாலும் ஒரு தடம் இருக்கும். அதற்காக அவனைக் கூப்பிட்டுக் காதைத் திருப்பிப் பார்க்க வேண்டாம். பார்வையில் பட்டால் போதும்.

காதைப் போலவே சந்தேகத்தைக் கிளப்பும் வேறு இடங்களும் உண்டு. வயிறு, முதுகு, பிட்டம், தொடையின் உள்பக்கம், கழுத்து, கன்னச் சதை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காக 2010இல் மருத்துவர்கள் சுருக்கமாக ஒரு விதி வகுத்தார்கள். நடு உடம்பு, காது, கழுத்து ஆகிய மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் ரத்தக்கட்டு இருந்து, அதற்குச் சரியான விளக்கம் இல்லையென்றால் ஆராயாமல் அனுப்பாதே. குழந்தைக்கு நான்கு மாதம்கூட நிறையவில்லையென்றால், ரத்தக்கட்டு எங்கே இருந்தாலும் அனுப்பாதே. 2021இல் கன்னச் சதை, தாடையின் வளைவு, கண் இமை, கண்ணின் வெண்பகுதி, உதட்டையும் ஈறையும் சேர்க்கும் சின்னச் சவ்வு ஆகியவையும் அதில் சேர்ந்தன. உங்கள் பையனுக்கு வயது ஏழு என்பதால் விதி எழுத்துப்படி அவனுக்குப் பொருந்தாது. ஆனால் காது ஒதுங்கியிருக்கும் இடம் ஏழு வயதிலும் அதேதான்.

கைக்குழந்தைகளைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. இதைப் படிக்கிறவர்களில் பாட்டிகள், அத்தைகள், பக்கத்து வீட்டுக்காரர்கள் இருப்பார்கள். 1999இல் அமெரிக்காவில் மூன்று வயது வரையிலான 973 குழந்தைகளைப் பரிசோதித்து ஓர் ஆய்வு வெளிவந்தது. நடக்கிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் ரத்தக்கட்டு இருந்தது. ஆறு மாதத்துக்குக் கீழே இருந்த 366 குழந்தைகளில் இரண்டே பேருக்குத்தான் இருந்தது. அதாவது எதையாவது பிடித்து நிற்கவோ நகரவோ தெரியாத குழந்தைக்கு உடம்பு கன்றுவதே அபூர்வம். நான் பயிற்சி டாக்டராக இருந்தபோது சளி என்று நான்கு மாதக் குழந்தை ஒன்றைக் கொண்டுவந்தார்கள். கன்னத்தில் கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு நீலம். "அக்காக்காரி பொம்மையால அடிச்சுட்டா" என்றார்கள். சளிக்கு மருந்து எழுதி அனுப்பிவிட்டேன். மூன்று வாரத்தில் அதே குழந்தை தொடை எலும்பு முறிந்து வந்தது. சீட்டில் முதல் வருகையின் தேதியும் என் கையெழுத்தும் இருந்தன.

இதற்கு நேர்மாறாகவும் தவறியிருக்கிறேன். பிறந்த சில வாரக் குழந்தையின் இடுப்புக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் கலந்த நீலம். நான் கேட்ட கேள்விகளின் தொனியிலேயே அந்தத் தாய்க்கு விஷயம் புரிந்துவிட்டது. மூத்த டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பிறவியிலேயே வரும் நிறத் திட்டு என்றார். நம்மைப் போன்ற நிறமுள்ள குழந்தைகளுக்கு அது சர்வ சாதாரணம். சில வருடங்களில் தானே மங்கிவிடும். அது நாளுக்கு நாள் நிறம் மாறாது, தொட்டால் குழந்தைக்கு வலிக்காது. ரத்தம் உறையாத கோளாறு இருந்தாலும் சும்மா பட்டதற்கெல்லாம் உடம்பு கன்றும். எலும்பு எளிதில் முறியும் பிறவி நோய் இருக்கிறது. தோலில் வரும் கிருமிக் கொப்புளம் பார்வைக்கு சிகரெட் சுட்ட புண் போலவே இருக்கும். இவற்றையெல்லாம் பிரித்தறிவது எங்கள் வேலை. "நான் நினைப்பது தப்பாக இருந்தால்?" என்ற உங்கள் பயத்துக்கு பதிலும் இதில்தான் இருக்கிறது. தப்பாக இருக்க இடமுண்டு என்பதால்தான் விஷயம் பரிசோதிக்கத் தெரிந்தவர்களிடம் போக வேண்டும்.

காயத்தின் இடத்தைப் போலவே வடிவமும் பேசும். தரையும் கட்டிலும் ஒழுங்கான உருவத்தை உடம்பில் வரையாது. மடித்த வயரால் அடித்தால் முனையில் வளைவோடு இரண்டு இணைகோடுகள் விழும். ஓங்கி அறைந்தால் விரல் பட்ட இடம் வெளுத்து, விரல்களுக்கு இடைப்பட்ட இடம் சிவந்து வரிவரியாகத் தெரியும். வெந்நீர் தற்செயலாகக் கொட்டினால் இங்கும் அங்கும் தெறித்து ஒழுகிய தடம் இருக்கும். கையையோ காலையோ பிடித்து முக்கினால், கையுறை காலுறை போட்டது போல ஒரே மட்டத்தில் கோடு கிழித்து நிற்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். "மஞ்சளாயிடுச்சு, அப்போ நாலு நாள் ஆகியிருக்கும்" என்று நிறத்தை வைத்து நாள் கணக்குப் போடாதீர்கள். டாக்டர்களாலேயே அதைச் சரியாகச் சொல்ல முடியாது. நீங்கள் எழுதி வைக்க வேண்டியது நீங்கள் பார்த்த நாளை.

முழுக்கைச் சட்டை எதையாவது மறைக்கவா, அல்லது அவனிடம் இருப்பதே அதுதானா? தெரியாது. இரண்டுமே கவலைக்குரியவைதான். சட்டையைத் தூக்கிப் பார்க்காதீர்கள். அது மருத்துவப் பரிசோதனை, முறைப்படிதான் நடக்க வேண்டும்.

இனி உடம்பில் தெரியாதவை. என்னைக் கேட்டால் உங்கள் கடிதத்தின் வலுவான சாட்சி "மூன்று மாதத்துக்கு முன்பு வரை" என்ற சொற்கள்தான். இயல்பிலேயே அமைதியான பிள்ளை வேறு, அமைதியாகிப்போன பிள்ளை வேறு. பேசிக்கொண்டிருந்தவன் பேச்சை நிறுத்துவது, சாதுவாக இருந்தவள் கடிக்க ஆரம்பிப்பது, நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்ப வருவது, கை சூப்புவது, பெரியவர்கள் சும்மா கை தூக்கினாலே தலையைக் குனிந்து மறைத்துக்கொள்வது. சில பிள்ளைகள் இதற்கு நேரெதிராக அளவுக்கு மீறி நல்ல பிள்ளையாகிவிடுவார்கள். தப்பே செய்ய மாட்டார்கள், அடம் பிடிக்க மாட்டார்கள், ஊசி போட்டாலும் அழ மாட்டார்கள், அறையில் இருக்கும் பெரியவர்களின் முகத்தை மட்டும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஊசிக்கு அழாத மூன்று வயதுக் குழந்தையைப் பார்த்தால் கூட வந்தவர்கள் பெருமைப்படுவார்கள். எனக்கு வயிற்றைக் கலக்கும்.

இதிலும் ஒரு நிதானம் வேண்டும். வீட்டில் சாவு, பெற்றோர் பிரிவு, புதிதாகப் பிறந்த தம்பி, பள்ளியிலேயே வேறு பிள்ளைகள் செய்யும் கொடுமை, இவை எதுவும் ஒரு பிள்ளையை இப்படி மாற்றக்கூடும். வகுப்பில் தூங்குவதற்கு ரத்தசோகை காரணமாக இருக்கலாம், உள்நாக்குச் சதை வளர்ந்து இரவில் மூச்சு அடைப்பதும் காரணமாக இருக்கலாம். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் அப்பாவியான விளக்கம் கிடைக்கும். உங்கள் பையன் விஷயத்தில் மாற்றம், காது, இரண்டு கதை, வீட்டுக்குப் போகத் தயங்குவது, ஒளித்து வைக்கும் பிஸ்கட் என்று எல்லாமே ஒரே மூன்று மாதத்துக்குள் வந்து குவிந்திருக்கின்றன.

பிஸ்கட்டுக்கு வருகிறேன். அடியைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் புறக்கணிப்பைப் பற்றிப் பேசுவதில்லை. அமெரிக்க அரசின் ஆண்டுக் கணக்குகளில், கொடுமைக்கு உள்ளானதாக உறுதிசெய்யப்படும் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் புறக்கணிப்புக்கு ஆளானவர்கள். கன்றிய காதைப் புகைப்படம் எடுத்துக் காட்டலாம், கவனிப்பு இல்லாததை எப்படிக் காட்டுவது? நாள்பட்டால்தான் தெரியும். வாரம் முழுக்க அதே துவைக்காத சட்டை. பல் வலி என்று மாதக்கணக்கில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருந்தும் யாரும் டாக்டரிடம் கூட்டிப்போகாதது. ஆஸ்துமா மருந்து தீர்ந்து போய், வாங்கித் தரச் சொல்லியும் வாங்காதது. அடிக்கடி லீவு, கேட்டால் "தம்பியைப் பார்த்துக்கிட்டேன்". எடையும் உயரமும் ஏறாமல் நின்றுபோகும் பிள்ளைகள் உண்டு. ஆஸ்பத்திரியில் சேர்த்து வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்தால், மருந்தே இல்லாமல் சில நாட்களில் எடை ஏறத் தொடங்கும். நோயாளி குழந்தையா, வீடா என்று அப்போது எங்களுக்குத் தெரிந்துவிடும். தின்னக் கிடைத்ததைத் தின்னாமல் ஒளித்து வைக்கிற பிள்ளை, அடுத்த வேளை உண்டா என்று நிச்சயமில்லாத பிள்ளை. பென்சில் டப்பாவில் அவன் சேர்த்து வைப்பது ராத்திரிக்காக இருக்கலாம், வீட்டில் இருக்கும் தம்பி தங்கைக்காகவும் இருக்கலாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் வேறு யாராவது உண்டா என்று பள்ளிப் பதிவேட்டில் பாருங்கள். அதைச் சொல்வது முக்கியம்.

இங்கே வறுமையையும் புறக்கணிப்பையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கிழிந்த செருப்பும் காலி டப்பாவும் பணமில்லாததால் வரலாம். அந்த வீட்டுக்கு வேண்டியது உதவி, விசாரணை அல்ல. நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான்: உதவியை நீட்டினால் அந்தப் பெற்றோர் என்ன செய்கிறார்கள்? இல்லாதவர்கள் பெரும்பாலும் வாங்கிக்கொள்வார்கள், வெட்கத்தோடாவது. இலவச மருந்து கையில் இருந்தும் பிள்ளைக்குக் கொடுக்காமல் இருப்பது வேறு கதை. அதற்குப் பின்னாலும் அந்தத் தாயின் மனச்சோர்வோ, குடியோ, அவரே வாங்கும் அடியோ இருக்கலாம். "ஒரு இடத்துல நிக்கிறதே இல்ல" என்று சிரித்த அம்மாவை உடனே வில்லியாக்கிவிடாதீர்கள். அடிக்கிறவருக்குப் பயந்து கதை சொல்லும் தாய்மார்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

பாலியல் துன்புறுத்தலுக்கான அறிகுறிகள் உங்கள் கடிதத்தில் இல்லை. இருந்தாலும் ஓர் ஆசிரியை தெரிந்திருக்க வேண்டும். வயதுக்கு மீறிய பாலியல் விவரங்களை விளையாட்டிலோ படத்திலோ காட்டுவது, ஒரு குறிப்பிட்ட ஆளையோ இடத்தையோ கண்டு மிரள்வது, கழிப்பறைக்குப் போக மறுப்பது, உட்கார நடக்கச் சிரமப்படுவது, எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பரிசுகளும் பணமும். பையன்களுக்கும் நடக்கும். செய்கிறவர் பெரும்பாலும் குழந்தைக்கு நன்றாகத் தெரிந்தவர், குடும்பமே நம்புகிறவர். டாக்டர் பரிசோதித்து "உடம்பில் ஒன்றுமில்லை" என்று சொன்னால் எதுவும் நடக்கவில்லை என்று அர்த்தமாகாது. நடந்தது உறுதியான பிள்ளைகளிலும் பெரும்பாலானவர்களுக்குப் பரிசோதனையில் எதுவும் தெரியாது. பிள்ளை சொல்வதுதான் பெரும்பாலும் ஒரே சாட்சி. தினமும் "நீ பிறக்காமலே இருந்திருக்கலாம்" என்று கேட்டு வளரும் குழந்தைக்குத் தோலில் எந்தத் தடமும் இருக்காது. அதுவும் கொடுமைதான், சட்டத்தின் முன் நிறுவுவதற்கு ஆகக் கடினமானதும் அதுதான்.

"என் கற்பனையா?" என்று கேட்டிருந்தீர்கள். அந்தக் கேள்வியை மருத்துவத் துறையே பல வருடம் கேட்டுக்கொண்டிருந்தது. 1946இல் ஜான் காஃபி என்ற எக்ஸ்ரே மருத்துவர் ஆறு குழந்தைகளைப் பற்றி எழுதினார். ஆறு பேருக்கும் மண்டைக்குள் ரத்தம் கட்டியிருந்தது. ஆறு பேருக்கும் சேர்த்துக் கை கால் எலும்புகளில் 23 முறிவுகள். எப்படி முறிந்தன என்பதற்குக் கதை இல்லை. பெற்றவர்கள் செய்திருப்பார்கள் என்று வெளிப்படையாகச் சொல்லப் பெரும்பாலானவர்களுக்குத் துணிவு வரவில்லை. 1962இல் ஹென்றி கெம்பி என்ற குழந்தை மருத்துவரும் அவர் சகாக்களும் 'அடிபட்ட குழந்தை' என்று அதற்குப் பெயர் வைத்து எழுதிய பிறகுதான் டாக்டர்கள் கண்ணைத் திறந்தார்கள். நடுவில் பதினாறு வருடம். எக்ஸ்ரே பிலிமைக் கையில் வைத்திருந்தவர்களுக்கே அவ்வளவு காலம் பிடித்தது என்றால், நீங்கள் ஒரு வாரம் தூங்காமல் இருந்ததில் வியப்பில்லை.

அவனிடம் என்ன கேட்பது? கொஞ்சமாகக் கேளுங்கள். தனியாக, ஆனால் கதவைச் சாத்தாமல், அவன் உயரத்துக்கு உட்கார்ந்து. "காதுல என்ன ஆச்சுன்னு சொல்றியா?" போதும். அப்புறம் காத்திருங்கள். அவன் ஏதாவது சொன்னால், "ம்... அப்புறம்?" என்பதற்கு மேல் போக வேண்டாம். "அப்பா அடிச்சாரா?" என்று பதிலைக் கேள்விக்குள் வைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஏழு வயதுப் பிள்ளை டீச்சர் எதிர்பார்க்கும் பதிலைச் சொல்லப் பழகியவன். நாளைக்கு அவன் சொல்லும் உண்மையையே நீங்கள் சொல்லிக் கொடுத்தது என்று தள்ளிவிட அது இடம் கொடுக்கும். ஏன் முன்னாடியே சொல்லவில்லை என்று கேட்காதீர்கள். அழுதால் அழட்டும். உங்கள் முகம் மட்டும் மாறக் கூடாது, உங்களால் தாங்க முடியவில்லை என்று தெரிந்தால் அவன் நிறுத்திவிடுவான். சொல்லி முடித்ததும், "சொன்னது நல்லதாப் போச்சு. இது உன் தப்பு இல்ல." "யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று கெஞ்சுவான். "சரி" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பத்திரமாப் பார்த்துக்கிற ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட மட்டும் சொல்லணும்டா" என்று உண்மையைச் சொல்லுங்கள். அவன் எதுவுமே சொல்லவில்லையென்றால் விட்டுவிடுங்கள். தெரிவிப்பதற்கு அவன் வாக்குமூலம் தேவையில்லை.

இன்றைக்கே ஒரு நோட்டுப் போடுங்கள். தேதி, நேரம், கண்ணால் பார்த்தது, காதால் கேட்டது. "காதில் அடித்திருக்கிறார்கள்" என்று எழுத வேண்டாம். "இடது காது மேல் ஓரம், நீல நிறம், சுமார் ஒரு சென்டிமீட்டர்" என்று எழுதுங்கள். "கட்டில்ல இடிச்சுக்கிட்டேன்" என்று அவன் சொன்னதை அவன் வாயில் வந்த மாதிரியே மேற்கோள் குறிக்குள் எழுதுங்கள். அம்மா சொன்னதையும் அப்படியே. உங்கள் அனுமானத்தைத் தவிர்த்துவிட்டால் அந்த நோட்டு யார் கையில் போனாலும் நிற்கும். அதைப் பூட்டி வையுங்கள், ஆசிரியர் அறையில் சுற்றுக்கு விடாதீர்கள்.

அந்த நோட்டோடு தலைமையாசிரியரிடமோ, பள்ளியில் குழந்தைப் பாதுகாப்புக்கென்று பொறுப்பாளர் இருந்தால் அவரிடமோ போங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தால் நீங்களே நேரடியாகச் சொல்லலாம். அநேகமாக எல்லா நாடுகளிலும் குழந்தைகளுக்கான உதவித் தொலைபேசியோ குழந்தை நல அலுவலகமோ உண்டு, இரண்டும் இல்லாத இடத்தில் காவல் நிலையம் இருக்கிறது. பல நாடுகளில் ஆசிரியருக்கு இது சட்டப்படியே கட்டாயம். உங்கள் ஊர்ச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல், விசாரணையில் ஒன்றும் இல்லையென்று ஆனாலும், நடவடிக்கை எடுக்க முடியாதபடி பாதுகாப்புத் தரும் சட்டங்களும் பல இடங்களில் உண்டு. பெற்றோரைக் கூப்பிட்டு மறுபடி விசாரிக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். டீச்சர் மோப்பம் பிடித்துவிட்டார் என்று தெரிந்தால் அன்றிரவு அதன் விலையைக் கொடுப்பவன் அவன்தான். மறுவாரம் வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டால் கண்ணிலிருந்தே மறைந்துவிடுவான்.

சக ஆசிரியையின் பேச்சுக்கு வருவோம். "அடுத்தவங்க வீட்டு விஷயம்" என்பதைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது. 1989இல் ஐக்கிய நாடுகள் சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 19ஆம் பிரிவு, பெற்றோர் பராமரிப்பில் இருக்கும்போதும் குழந்தையை வன்முறையிலிருந்தும் புறக்கணிப்பிலிருந்தும் காப்பது அரசின் கடமை என்கிறது. உலகின் ஏறக்குறைய எல்லா நாடுகளும் அதை ஏற்றிருக்கின்றன. அப்புறம் "அடியாத மாடு படியாது" என்று யாராவது ஆரம்பிப்பார்கள். சுவீடன் 1979லேயே வீட்டில் பிள்ளைகளை அடிப்பதைச் சட்டம் போட்டுத் தடுத்தது, அங்கே பிள்ளைகள் படியாமல் போகவில்லை. அது கிடக்கட்டும், அந்த வாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். காது கன்றுகிற அளவுக்குப் போனால் அதைக் கண்டிப்பு என்று சொல்கிறவர்களிடம் எனக்குப் பேச்சு இல்லை.

தெரிவித்த பிறகு என்ன நடக்கும் என்பதற்கும் மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். அடுத்த நாளே எல்லாம் மாறாது. பெரும்பாலான வீடுகளில் பிள்ளையை எடுத்துக்கொண்டு போய்விடுவதும் நடக்காது. ஆள் வருவார், பேசுவார், வீட்டுக்கு என்ன உதவி வேண்டும் என்று பார்ப்பார். உங்களுக்கு முடிவைச் சொல்லாமலும் போகலாம். பையன் உங்கள் மேல் கோபப்படலாம். சொன்னதை "பொய் சொன்னேன்" என்று திரும்ப வாங்கிக்கொள்ளவும் கூடும். 1983இல் ரோலண்ட் சம்மிட் என்ற மனநல மருத்துவர், பாலியல் கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் ரகசியம் காப்பதையும், தாமதமாக நம்பும்படியில்லாமல் சொல்வதையும், பிறகு மறுப்பதையும் பற்றி விரிவாக எழுதினார். அடி வாங்கும் பிள்ளைகளும் இப்படி மறுப்பதை நான் பார்த்திருக்கிறேன். தான் வாய் திறந்ததால் வீடு ரெண்டானது என்று நினைக்கிற பிள்ளை, வீட்டை ஒட்டவைக்க வேறு என்ன செய்வான்? அவன் மறுத்தால் அதையும் தேதியோடு நோட்டில் எழுதுங்கள், முன்பு எழுதியதை அடிக்காமல்.

அதுவரை கேட் திறக்கும் முன்பே வந்து நிற்பான் அல்லவா, முடிந்தால் நீங்களும் பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். கரும்பலகையைத் துடைக்கச் சொல்லுங்கள், சாக்பீஸ் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எதுவும் கேட்க வேண்டாம். பென்சில் டப்பாவைப் பிடுங்காதீர்கள். எல்லாப் பிள்ளைகளுக்கும் என்று வகுப்பில் ஒரு பிஸ்கட் டின் வைத்துவிட்டால் அவன் ஒளிக்க வேண்டியிருக்காது. "இன்னைக்கு வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு" என்று எந்த நாளிலாவது அவன் சொன்னால், அல்லது தலையில் அடி, வாந்தி, வழக்கத்துக்கு மாறான மயக்கத் தூக்கம் என்று வந்தால், மேலே சொன்ன வரிசையையெல்லாம் விட்டுவிடுங்கள். தலையில் அடி என்றால் ஆம்புலன்ஸ், பயம் என்றால் காவல்துறை அவசர எண். அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அப்புறம் போன் செய்யாதீர்கள், அவன் பள்ளிக்குள் இருக்கும்போதே செய்யுங்கள்.